நவமணி எடுத்த ஆரத்தி

பால் கொட்டகைக்குப் பின்னாலிருந்த குழாயடியில் நவமணி வாளி கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய வாளிகளோடு நாத்தனார் இருளாயியின் வாளிகளும் அவள் தலையில்தான் விழும். பாலை நிறுத்துக் கொட்டியதும் இருளாயி, "அண்ணி, இதையும் செத்த பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்க ஓடிவிடுவாள். வாளிக்குள் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் மரத்துக் கித்தாப் பாலை ஓர் ஓரத்தில் நகத்தால் கிளப்பிவிட்டுப் பொறுமையாக இழுத்தால் தோல் உரிவதுபோல் ஒரே ஏடாக வரும். அவசரப்பட்டால் கிழியும். பிறகு மணலைப் போட்டுத் தேய்த்துத் தோள்பட்டை வலிக்க வேண்டியதுதான்.

அன்றைக்கு ஏடு முழுசாக வந்தது. அதை அப்படியே தூக்கித் தலைத்துண்டின்மேல் கவிழ்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற மாரியம்மாவிடம், "எப்படிடி இருக்கு, தொரைசாணி தொப்பி?" என்றாள் நவமணி.

மாரியம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வாளி சாக்கடைவரை உருண்டுபோனது. நவமணியும் தலையை அண்ணாந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் ஸ்கந்தராஜா பார்த்தார். எழுபத்தெட்டாம் வருஷம் அது. ஸ்கந்தராஜா ஈப்போவில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கட்டட வரைபடம் போடுகிறவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். எந்த நேரமும் கசங்காத வெள்ளைச் சட்டை. ஒரு சீனர் ஸ்டூடியோவை மூடியபோது அங்கிருந்த பழைய சினிமாக் கேமராவை வாங்கிவிட்டார். அதை வாங்கின நாளிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமில்லை. முதலாளி இல்லாமல், கோலாலம்பூர் நடிகர்கள் இல்லாமல், தோட்டத்து ஆட்களையே வைத்துத் தோட்டத்தைப் பற்றி ஒரு படம். அதற்காகத்தான் சிம்பாங் பூலாய்க்கு உள்ளே இருந்த இந்த வெள்ளைமலைத் தோட்டத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்.

முதல் தடவை வந்தபோது, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஒரு பெட்டிமேல் ஏறிப் பேசினார்.

"சினிமாவில எப்பவும் ஒரே மாதிரி முகங்கள்தான். கறுப்பான ஆளெண்டா அடியாள். தோட்டத்து ஆளெண்டா குடிகாரன். எங்கட படத்தில அப்பிடி இல்லை. ஒருத்தரையும் வாசலுக்கு வெளியில நிப்பாட்ட மாட்டம். ஒதுக்கி வச்ச ஆக்களுக்குத்தான் இதில முதல் இடம்."

கூட்டத்தில் நின்ற இருளாயியின் புருஷன் சன்னாசி, "பேச்சு நல்லாத்தான் இருக்குலா. இப்பிடித்தான் ஓட்டுக் கேக்க வந்தவனும் பேசுனான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நவமணி சிரிக்கவில்லை. 'ஒதுக்கி வச்ச ஆக்கள்' என்ற வார்த்தை அவளோடு மர நிரைக்குக் கூடவே நடந்துபோனது. அன்றைக்கு ஒரு மரத்தை இரண்டு தடவை வெட்டிவிட்டு, ஏன் பால் இப்படி வழிகிறது என்று கொஞ்ச நேரம் நின்றாள்.

பால் வெட்டப் போகிற பெண்களைப் பார்த்தால் யார் யாரென்று அடையாளம் தெரியாது. முழுக்கைச் சட்டை, முழங்காலுக்குக் கீழே சாரோங், கொசுவுக்காகப் புருவம்வரை இழுத்துக் கட்டிய துண்டு. நெற்றியில் பொட்டு இருக்கிறதா, கழுத்தில் தாலி இருக்கிறதா, எதுவும் வெளியே தெரியாது. நவமணி போட்டிருந்த சட்டை அவள் புருஷன் அர்ச்சுனனுடையது. மறுநடவுக்கு மரம் சாய்த்தபோது கிளை திரும்பி அவன்மேல் விழுந்தது. அப்போது நவமணிக்கு இருபத்தாறு வயசு, கையில் ஏழு வயசுப் பெண்குழந்தை. பன்னிரண்டு வருஷமாக அந்தச் சட்டைகளை மாற்றி மாற்றித் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்கந்தராஜாவுக்கு உதவியாக ஜெயபாலன் என்றொரு வாலிபன் வந்தான். பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் அச்சகத்தில் வேலை செய்கிறவன். அவன்தான் ஒரு நாள் சாயங்காலம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், நவமணி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"நவமணிக்கா, ஒங்களுக்கு அம்மா வேசம். மாரியம்மா கல்யாணப் பொண்ணு. பொண்ணு மாப்பிள்ள வாசல்ல வந்து நிக்கும்போது நீங்க ஆலாத்தி எடுக்கணும்."

நவமணி உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"நானா? தம்பி, நான் வீட்டுக்காரர் இல்லாதவ. தெரியும்லா?"

"தெரியுங்க்கா."

"தெரிஞ்சா கேக்குற? ஆலாத்திக்கு வேற ஆளப் பாருப்பா. செல்லாயி இருக்கா, எட்டுப் பேருக்கு எடுத்தாலும் அலுக்காம எடுப்பா."

"ஐயாவுக்கு ஒங்க மொகந்தான் வேணுமாம். அன்னைக்கிக் குழாயடியில சிரிச்சீங்களாமே."

"அப்ப ஐயாகிட்ட விசயத்தச் சொல்லு. சொல்லிட்டு, அவரு சரின்னு சொன்னா அப்புறம் வா."

மூன்றாம் நாள் ஜெயபாலன் மறுபடி வந்தான். "ஐயா வரச் சொல்லிட்டாருக்கா. ஞாயித்துக்கெழம."

அவ்வளவுதான் அவன் சொன்னது. நவமணிக்கு அது போதுமாயிருந்தது. அன்று ராத்திரிச் சோறு வடிக்கும்போது கஞ்சித் தண்ணியைக் காலில் ஊற்றிக்கொண்டாள். சுட்டதுகூட நிதானமாகத்தான் தெரிந்தது.

இருளாயி விஷயத்தைக் கேட்டதும் வாயில் விரலை வைத்தாள்.

"அம்மா வேசம்னா வெள்ளச் சீலதானே அண்ணி?"

"பட்டுச் சீலையாம்."

"ஆத்தாடி! அவருக்குத் தெரியுமா?"

"ஜெயபாலன் சொல்லிட்டான். தெரிஞ்சுதான் கூப்புடுறாரு."

"படிச்சவங்க. நமக்கு என்னா தெரியும்" என்றாள் இருளாயி. பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இவருகிட்ட மட்டும் இப்ப வாயத் தொறந்துறாதீங்க. ஆடுவாரு."

இருளாயி இப்படிப் பதறினதற்கும் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷந்தான் நவமணியின் மகள் தெய்வானைக்குக் கல்யாணம் ஆகி, லூமுட்டுக்கு வாழப்போனாள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். சன்னாசியும் இருளாயியும்தான் தாய்தகப்பன் இடத்தில் நின்று தாரைவார்த்துக் கொடுத்தார்கள். அதில் யாருக்கும் மனவருத்தமில்லை; அப்படித்தான் வழக்கம். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருளாயி சமையல் கொட்டகைக்கு வந்து, "அண்ணி, சாம்பாரு அடிபிடிச்சிரும், நீங்க இங்கனயே இருந்து பாத்துக்குங்க" என்றாள். அத்தனை சமையல்காரர்கள் நிற்கும்போது சாம்பார் எப்படி அடிபிடிக்கும்? வேறு யாராவது வாய்க்கு வந்ததைச் சொல்வதற்குமுன் தானே பதமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் அவள் வந்தாள். நவமணிக்கும் அது புரிந்தது. கெட்டிமேளம் கேட்டபோது அவள் கரண்டியால் கிண்டிக்கொண்டுதான் இருந்தாள். பிறகு ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு யார் போனார்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சன்னாசியை சிம்பாங் பூலாய்க் கடைக்கு அனுப்பிவிட்டாள் இருளாயி. வாங்க வேண்டிய சாமான்களை அவள் சொல்லச் சொல்ல, "ஏன், கடையையே தூக்கிட்டு வந்துறவா?" என்று கேட்டுக்கொண்டே மனுஷன் சைக்கிளை மிதித்தார்.

ஸ்கந்தராஜாவின் மனைவி அன்னபாக்கியம் ஒரு தகரப்பெட்டி நிறையத் துணிமணியோடு வந்திருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. மெல்லிய குரல், யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிற சுபாவம். இருளாயி வீட்டு உள்ளறையில் நவமணிக்குத் தன்னுடைய பட்டுச்சேலையைக் கட்டிவிட்டாள். தலையை வாரிப் பின்னி மல்லிகைச் சரம் வைத்தாள். முந்தானையைச் சரிசெய்யும்போது நவமணியின் கழுத்து வெறுமையாக இருப்பது அன்னபாக்கியத்தின் கண்ணில் பட்டது. கை ஒரு நொடி நின்றது.

அந்த ஒரு நொடியில் அவள் கேட்டிருக்கலாம். ஆனால் தோட்டத்தில் கஷ்டம் வந்தால் முதலில் அடகுக்கடைக்குப் போவது கழுத்தில் கிடப்பதுதான் என்று அன்னபாக்கியம் கேள்விப்பட்டிருந்தாள். கேட்டால் பாவம், கூசிப்போவாள். தன் கழுத்தில் தாலிக்கொடியோடு கிடந்த முத்துச்சங்கிலியைக் கழற்றி நவமணிக்குப் போட்டுவிட்டு, "இது உங்களுக்கு நல்ல வடிவாயிருக்கு" என்றாள்.

நவமணி அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டாள். எல்லாம் தெரிந்தும் ஒரு கேள்வி கேட்காமல், தன் நகையையே கழற்றிப் போடுகிறாளே என்று நினைத்தபடி முத்துகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

குங்குமத்தை அன்னபாக்கியம்தான் வைத்தாள். நவமணி கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றியில் விரல் பட்ட இடம் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. கண்ணைத் திறந்து கையளவுக் கண்ணாடியைப் பார்த்தபோது, யாரோ பின்னால் வந்து நிற்கிறாள் என்று நினைத்துத் திரும்பினாள். பின்னால் வெறும் சுவர்தான் இருந்தது. கண்ணாடியைப் பக்கத்தில் நின்ற இருளாயியிடம் கொடுத்துவிட்டாள்.

வாசலில் லயத்துப் பெண்கள் மொத்தமும் கூடியிருந்தார்கள். நவமணி தட்டோடு வெளியே வந்தபோது, கலகலவென்று இருந்த பேச்சு அறுந்தது. செல்லாயி மட்டும், "அய்யோ, அக்கா..." என்று ஆரம்பித்தாள். இருளாயி அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"அந்தம்மா கையாலயே வச்சிருக்காங்கடி. நீ என்னா பெரிய இது? வாய மூடு."

செல்லாயி மூடினாள். பெரிய இடத்துச் சுமங்கலி தன் கையால் பொட்டு வைத்து, தன் சங்கிலியையும் போட்டு அனுப்பியிருக்கும்போது லயத்துப் பெண்கள் என்ன சொல்ல முடியும்? நகரத்தில் இப்போது இப்படித்தான் போலிருக்கிறது என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

"ஃபிலிம் கொஞ்சந்தான் இருக்கு, ஒரே தரத்தில எடுக்கவேணும். கேமராவைப் பாக்காதேங்கோ" என்றார் ஸ்கந்தராஜா. கேமரா தையல் மெஷின் மாதிரிச் சத்தம் போட ஆரம்பித்தது.

மாரியம்மா மணப்பெண்ணாக, மாப்பிள்ளை வேஷத்தில் ஜெயபாலன். நவமணி தட்டைச் சுற்றினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர் தளும்பியது. வெற்றிலைமேல் கற்பூரம் எரிந்தது. கை தானாகத்தான் சுற்றியது. மாரியம்மா உதட்டை அசைக்காமல், "அக்கா, தட்டு ஆடுது" என்றாள். "ஒந் தலைதான் ஆடுது, நேரா நில்லு" என்றாள் நவமணி, அவளும் உதட்டை அசைக்காமல். பிறகு விரலைத் தட்டில் தோய்த்து மாரியம்மா நெற்றியில் வைக்கக் கையைத் தூக்கினாள். அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஸ்கந்தராஜாதான் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "அருமை, அருமை" என்று முணுமுணுத்தார்.

சன்னாசி சாமான் மூட்டையோடு திரும்பியபோது நவமணி குளித்துவிட்டுப் பழைய சேலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இருளாயிக்குப் பயந்து லயத்துப் பெண்கள் யாரும் நடந்ததை அவர் காதில் போடவில்லை.

எண்பதுகளில் தோட்டம் துண்டு துண்டாக விலைபோய், வெள்ளைமலை ஆட்கள் நாலா பக்கமும் சிதறினார்கள். நவமணி ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்து, கன்வேயர் பக்கத்தில் நின்று, ஓட்டை விழுந்த கையுறைகளைப் பொறுக்கிப்போடும் வேலை பார்த்தாள். அங்கே யாராவது, "ஒங்க தோட்டத்துல படம் புடிச்சாங்களாமே, நீங்க நடிக்கலியா?" என்று கேட்டால், "எங்கண்ணே காலு நடிச்சிருக்கு" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

கால் நடித்தது உண்மைதான். அவளுக்கு அண்ணன் முறையான சன்னாசி வாளி தூக்கிப் போவதை ஒரு நாள் எடுத்திருந்தார்கள், முழங்காலுக்குக் கீழே மட்டும். அந்த எழுபத்தெட்டிலேயே, எடுத்த ஃபிலிமைச் சிங்கப்பூருக்கு அனுப்பிக் கழுவி வாங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் வீட்டில் போட்டுக் காட்டுவதாக ஸ்கந்தராஜா எல்லாரையும் ஈப்போவுக்கு வரச் சொன்னார். சன்னாசி புதுச்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"காலு மட்டும் தெரியிறதுக்கு எதுக்குச் சட்டை?" என்றாள் இருளாயி.

"படத்துல காலு. பாக்குறது முழு ஆளுலா" என்றார் சன்னாசி.

ஈப்போ வீட்டுக் கூடத்தில் ஜன்னல்களைப் போர்வை போட்டு மறைத்திருந்தார்கள். சுவரில் வெள்ளைத்துணி. முன்வரிசைச் சாய்வு நாற்காலியில் பூபாலசிங்கம் உட்கார்ந்திருந்தார். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். கோயில் கமிட்டியில் முக்கியமான ஆள். படத்தை வெளியிட மண்டபமும், மீதிச் செலவுக்கு உதவியும் அவர் தருவதாகப் பேச்சு. பின்னால் பாயில் நவமணி, இருளாயி, மாரியம்மா. சன்னாசிக்கு ஸ்டூல். ஜெயபாலன் படம் காட்டும் மெஷினைப் பார்த்துக்கொண்டான். சத்தம் இன்னும் சேர்க்கவில்லை, படம் மட்டுந்தான் ஓடும் என்றார் ஸ்கந்தராஜா.

முதலில் மரங்கள் வந்தன. பிறகு சன்னாசியின் கால். "அடேயப்பா, எம்புட்டுப் பெரிய வெடிப்பு!" என்றார் சன்னாசி, தன் குதிகாலைத் தானே பார்த்து. பூபாலசிங்கம்கூடச் சிரித்தார். அன்னபாக்கியம் எல்லாருக்கும் ஆரஞ்சுத் தண்ணி கொடுத்துவிட்டுக் கணவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

அடுத்து லயத்து வாசல். உள்ளிருந்து பட்டுச்சேலை கட்டிய பெண் தட்டோடு வந்தாள். நெற்றி நிறையக் குங்குமம். துணி முழுக்க அவள் முகம்.

இத்தனை பெரிதாகத் தன் முகத்தை நவமணி பார்த்ததில்லை. கண்ணோரம் சுருக்கம், மேல்வாய்ப் பல்லில் ஒரு சின்ன இடைவெளி, அத்தனைக்கும் நடுவில் அந்தப் பொட்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது கறுப்பாக இருந்தது. அதனாலென்ன? வட்டமாக, நடு நெற்றியில் இருந்தது.

படத்தில் கை தட்டைச் சுற்ற ஆரம்பித்தது.

"அடியே இருளாயி!"

சத்தமில்லாத அறையில் சன்னாசியின் குரல் சட்டி விழுந்ததுபோல் கேட்டது. ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றிருந்தார். அவருடைய தலை நிழல் துணியின் பாதியை மறைத்தது.

"யாருடி இது? தங்கச்சிக்குப் பொட்டு வச்சது யாரு? எம் மச்சான் செத்துப் பன்னெண்டு வருசமாச்சு... தாலியறுத்த புள்ளைக்கிப் பூவும் பொட்டும் வச்சு ஆலாத்தியா எடுக்க விட்டீங்க?"

"ஒக்காருங்க" என்று இருளாயி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மானத்த வாங்காதீங்க."

"லைட்டைப் போடுங்கோ" என்றார் பூபாலசிங்கம்.

ஜெயபாலன் மெஷினை நிறுத்தினான். விளக்கு எரிந்தது. துணி வெறும் துணியானது.

ஸ்கந்தராஜா நவமணியைப் பார்த்தார். பிறகு சன்னாசியை. பிறகு மறுபடி நவமணியை. வாய் திறந்தபடி இருந்தது.

"என்ன சொல்லுறார் இவர்? அக்கா, நீங்கள்... உங்கட புருஷன்...?"

நவமணிக்கு முதலில் அவர் கேட்பது விளங்கவில்லை. சன்னாசிக்குக் கோபம் வரும், அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் வந்திருந்தாள். இவர் எழுந்து, "ஓம், தெரிஞ்சுதான் எடுத்தம்" என்று ஒரு வார்த்தை சொல்வார், அதோடு அண்ணன் அடங்கிவிடுவார் என்று நினைத்திருந்தாள்.

"ஒங்களுக்குத் தெரியாதா ஐயா?"

அவர் தலையை ஆட்டினார். தெரியாது.

"ஜெயபாலன் தம்பிகிட்டச் சொல்லிவிட்டேனே."

எல்லாரும் ஜெயபாலனைப் பார்த்தார்கள். அவன் ஃபிலிம் சுருளைப் பிடித்தபடி நின்றான்.

"சொன்னாங்க சார். எனக்கு அது ஒரு விசயமாவே தோணல. நீங்களும் அப்படித்தான் நெனப்பீங்கன்னு... நம்ம படம்தானே சார்."

"அது ஒரு விஷயமில்லையோ?" ஸ்கந்தராஜாவின் குரல் கீச்சென்று ஏறியது. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதோ? விசரனே!"

"சொல்லியிருந்தா வேற ஆள வச்சிருப்பீங்களா சார்?" என்றான் ஜெயபாலன். குறும்பாகக் கேட்கவில்லை. அவனுக்கே அப்போதுதான் சந்தேகம் வந்தது.

அதற்குப் பதிலாக, "நான்தானே வச்சனான்" என்ற குரல்தான் கேட்டது. அன்னபாக்கியம். வலது கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான்தானே வச்சனான். என்ர சங்கிலியையும்..." கழுத்தைத் தொட்டாள். அந்தச் சங்கிலி இப்போது அவள் கழுத்தில்தான் கிடந்தது. யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

நவமணி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருளாயி அழ ஆரம்பித்திருந்தாள். மாரியம்மா எதுவும் புரியாதவள்போல் தன் நெற்றியைத் தடவிப் பார்த்தாள்.

பூபாலசிங்கம் தொண்டையைக் கனைத்தார். கெட்ட மனுஷன் இல்லை. குரலில் கடுமை இல்லை.

"தம்பி, நான் பழைய பஞ்சாங்கம் இல்லை. ஆனா மண்டபத்துக்கு வாறது ஆர்? குடும்பப் பொம்பிளையள். இந்தப் பிள்ளையைத் தெரிஞ்ச சனம் அதுக்குள்ள எத்தினை பேர் இருக்கும்? ஒரு வாய் திறந்தாக் காணும். படம் அதோட சரி. என்னால அதுக்குப் பொறுப்பெடுக்க ஏலாது."

"ஓம், ஓம்" என்றார் ஸ்கந்தராஜா. வெள்ளைச் சட்டையின் கைமடிப்பை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தார். "அந்த ஒரு காட்சிதானே. அதை வெட்டி எடுத்திடுவம். வேற ஆளை வச்சுத் திரும்ப எடுக்கலாம்."

"இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றார் சன்னாசி. ஆனால் அவர் குரலில் முன்பிருந்த வேகம் இல்லை. நவமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

ஸ்கந்தராஜா பாய்க்குப் பக்கத்தில் வந்து குந்தினார். அவள் மனசைத் தேற்ற வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தார்.

"அக்கா, நீங்கள் கவலைப்படக் கூடாது. உங்களை நான் விடமாட்டன். கதையில பிறகு ஒரு விதவை வாறா. வாசலில தனிய நிண்டு பாத்துக்கொண்டிருக்கிற காட்சி. அதை நீங்கள் செய்யுங்கோ. ஒரு வசனமும் இல்லை. அதுக்கு உங்கட முகம்தான் பொருத்தம்."

இருளாயியின் அழுகை சட்டென்று நின்றது. "அடப் பாவி" என்று அவள் வாய்க்குள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

நவமணி அவரையே பார்த்தாள். மூக்கு நுனியில் வேர்வை. நல்லது செய்கிற நினைப்பில் கண்கள் பளபளத்தன. பெட்டிமேல் ஏறி நின்று பேசிய அதே முகந்தான். ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் அவளைத் தூக்கிவாரிப்போட்டது. சன்னாசி கத்தியபோதுகூட அவளுக்கு இப்படி ஆகவில்லை.

"வாசல்ல நிக்கிறதுக்கு நடிக்க வேணாம் ஐயா" என்றாள். "அது எனக்குப் பழகுன வேலை."

நவமணி எழுந்தாள். சேலையை உதறிச் சரிசெய்தாள். மெஷினையும் அதன் மேலே சுற்றியிருந்த சுருளையும் பார்த்தாள்.

"அது பாதியிலயே நின்னுபோச்சு. அந்தப் புள்ள நெத்தியில வச்சனே, அந்த எடம் வரல்ல. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ முழுசாப் போட்டுக் காட்டுங்க. பாத்துட்டுப் போயிர்றேன்."

ஜெயபாலன் ஸ்விட்சின்மேல் கையை வைத்தபடி ஸ்கந்தராஜாவைப் பார்த்தான். ஸ்கந்தராஜா பூபாலசிங்கத்தைப் பார்த்தார். பூபாலசிங்கம் கையிலிருந்த ஆரஞ்சுத் தண்ணி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் மறைத்திருந்த போர்வை காற்றில் கொஞ்சம் விலகி, வெயில் ஒரு கோடாக வந்து துணியில் விழுந்தது.

நவமணி நின்றாள். யாராவது ஒருவர் விளக்கை அணைப்பார்கள் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு, "எழுந்திரு இருளாயி" என்றுகூடச் சொல்லாமல், பாயின் ஓரமாகச் சுற்றிப் போய், வாசல் திரையை விலக்கி வெளியே நடந்தாள்.